இமை தாழும் வேளை

(மருத்துவமனை ஆதரவாளர்களின் வருடாந்தர ஐக்கியக் கூடுகையில் ஆஸ்பத்திரி போதகர் அளித்த செய்தி. சகோதரர் ஒருவர் எழுதி எடுத்ததைப் போதகர் பார்த்துத் திருத்திக் கொடுத்திருக்கிறார்.)



பஸ்ஸிலும் ரயிலிலும் பிரயாணப்பட்டு, வயதையும் முழங்கால் வலியையும் பொருட்படுத்தாமல் வந்திருக்கிறீர்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பேசும் பொறுப்பை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். விழித்திருத்தலைப் பற்றிப் பேச இதைவிடக் கடினமான நேரம் கிடையாது. ஆகையால் யாராவது கண்ணயர்ந்தால் நான் வருத்தப்படமாட்டேன். ஏன் வருத்தப்பட எனக்கு உரிமையில்லை என்பதைச் சற்றுப் பொறுத்துச் சொல்லுகிறேன்.

பகலில் நீங்கள் பார்க்கிற ஆஸ்பத்திரி வேறு, இரவு மூன்று மணிக்கு இருக்கிற ஆஸ்பத்திரி வேறு. ஓ.பி. சீட்டு வாங்கும் இடத்தில் ஒரு நாய் படுத்திருக்கும். வாட்ச்மேன் தலையில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு கேட் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். வார்டுக்குள் ஒரே ஒரு மேஜை விளக்கு எரியும், அதன் கீழே நர்ஸ் சிஸ்டர் சார்ட் எழுதிக்கொண்டிருப்பார். கட்டில்களுக்குக் கீழே பாயை விரித்துத் தாய்மார்கள் படுத்திருப்பார்கள். தூங்குகிறார்கள் என்று நினைப்போம். கட்டிலில் பிள்ளை ஒரு முறை இருமினால் போதும், எழுந்துவிடுவார்கள். இந்த மூன்று மணிக்குத்தான் பலருக்கு மூச்சுத் திணறலும் வரும், பயமும் வரும், பழைய பாவங்களின் நினைவும் வரும். போதகர் என்ற முறையில் என்னுடைய வேலையில் பெரும்பங்கு இந்த நேரத்தில்தான் இருக்கிறது. இந்த நேரத்தில்தான் நான் தவறியும் இருக்கிறேன்.

ஏறக்குறைய முப்பது வருஷங்களுக்கு முன் நடந்த ஒரு காரியத்தைச் சொல்லுகிறேன். செமினரி படிப்பை முடித்து, சில வருஷம் கிராமச் சேகரங்களில் இருந்துவிட்டு, ஆஸ்பத்திரி ஊழியத்துக்கு அப்போதுதான் வந்திருந்தேன். ஒரு நாள் காலையில் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவனை அவனுடைய அப்பாவும் மாமாவும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். விடியற்காலம் நாலு மணிக்கு வயிறு வலிக்கிறது என்று எழுந்தானாம். முந்தின நாள் சாப்பிட்டது சேரவில்லை என்று எண்ணி வீட்டில் சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். பொழுது விடிந்தபோது பேச்சு குழறியது. எச்சில் விழுங்க முடியவில்லை.

டாக்டர் அவன் வயிற்றைத் தொட்டுப் பார்க்குமுன் முகத்தைப் பார்த்தார். “தம்பி, மேலே பாரு” என்றார். பையன் பார்க்க முயன்றான், இமைகள் எழும்பவில்லை. தூக்கக் கலக்கத்தில் இருக்கிற பிள்ளையைப்போல் பாதிக் கண்ணோடு இருந்தான். டாக்டர் உடனே, “ராத்திரி எங்கே படுத்திருந்தான்?” என்று கேட்டார். “தரையிலதான் சார், பாயில.” அவ்வளவுதான். கட்டுவிரியன் என்று தீர்மானித்துவிட்டார்.

இதை உங்களுக்கு விளக்கிச் சொல்லவேண்டும், ஏனென்றால் நான் சொல்ல வந்த விஷயமே இதற்குள் இருக்கிறது. கண்ணாடி விரியன் கடித்தால் கால் வீங்கும், இரத்தம் கசியும், வலியில் மனுஷன் அலறுவான். கட்டுவிரியன் அப்படியல்ல. இராத்திரியில் வரும், தரையில் தூங்குகிறவனைக் கடிக்கும். பெரும்பாலும் வலி இராது. வீக்கம் இராது. பல்பட்ட இடத்தைத் தேடினாலும் பல நேரங்களில் கிடைக்காது. கடிபட்டவன் புரண்டு படுத்துத் தொடர்ந்து தூங்கிவிடுவான். விஷம் நரம்பும் தசையும் சேருகிற இடத்தில் வேலை செய்ய ஆரம்பிக்கும். முதலில் தளர்வது இமை. பிறகு நாக்கு, தொண்டை, கழுத்து. கடைசியில் மூச்சை இழுக்கிற தசைகள். பாம்பு கடித்தவனைத் தூங்க விடாதே என்று நம் பாட்டிமார் சொன்னதைப் படித்தவர்கள் பரிகசித்ததுண்டு. தூங்காமல் வைத்திருப்பதால் விஷம் இறங்கிவிடாது, அது உண்மைதான். ஆனால் இமையைப் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும் என்பதை அந்தப் பாட்டிமார் கண்டுவைத்திருந்தார்கள். தூக்கம் வருகிறதுபோல் இருக்கிறதே, அது தூக்கமல்ல.

விஷமுறிவு மருந்து ஏற்றினார்கள். ஆனால் அந்த மருந்து இரத்தத்தில் ஓடுகிற விஷத்தைத்தான் முறிக்கும். நரம்பு நுனிகளில் ஏற்கெனவே நடந்துவிட்ட சேதத்தை அது திருப்பாது, அது தானாக ஆறவேண்டும், அதற்குச் சில நாட்கள் ஆகலாம். அதுவரைக்கும் அவனுக்காக யாராவது மூச்சு விடவேண்டும். மத்தியானத்துக்குள் பையனுக்கு மூச்சு நின்றுபோகிற நிலை. அந்தக் காலத்தில் நம்மைப் போன்ற ஆஸ்பத்திரிகளில் வென்டிலேட்டர் என்பது அபூர்வம், அன்று அவனுக்கு ஒன்றும் இல்லை. தொண்டையில் குழாயைச் செலுத்தி, அதில் ஆம்பு பையை மாட்டி, கையால் அழுத்திக்கொண்டே இருக்கவேண்டும். ஒரு அழுத்து, ஒரு மூச்சு. இரவு பகலாக.

முறை போட்டோம். அப்பா, மாமா, நர்சிங் மாணவிகள், லேப் தம்பி, நான். சீனியர் நர்ஸ் ஒருவர் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தார். “ஐயா, எண்ண வேண்டாம், எண்ணினா குழம்பிடும். நீங்க மூச்சு இழுக்கும்போதெல்லாம் அவனுக்கும் ஒரு மூச்சு குடுங்க” என்றார். ஒரு செமினரியிலும் இவ்வளவு நல்ல பாடத்தை நான் கற்றதில்லை.

இரண்டாம் நாள் இரவு இரண்டு மணிமுதல் நாலு மணிவரை என்னுடைய முறை. தூக்கம் வராமலிருக்க ஒரு கீர்த்தனையை மெதுவாக முனகிக்கொண்டே அழுத்தினேன். பையன் கண் மூடி, அசைவில்லாமல், கட்டைபோல் கிடந்தான். அப்பா சுவரில் சாய்ந்து அசந்துவிட்டார். எவ்வளவு நேரம் ஆயிற்று என்று தெரியாது. திடீரென்று என் கையின்மேல் இன்னொரு கை வந்து பையை அழுத்தியது. அந்த நர்ஸ் அம்மா. அடுத்த கட்டிலில் ஊசி போட்டுக்கொண்டிருந்தவர், என்னுடைய பாட்டு நின்றதைக் கேட்டு ஓடி வந்திருக்கிறார். என்னைத் திட்டவில்லை. “ஐயா, முகத்தைக் கழுவிட்டு ஒரு டீ குடிச்சிட்டு வாங்க, நான் பாத்துக்கறேன்” என்றார். எத்தனை வினாடிகள் தூங்கினேன்? பத்தோ, பதினைந்தோ. பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை. தேவனுக்கு ஸ்தோத்திரம்.

மூன்றாம் நாள் மத்தியானம் அவனுடைய கைவிரல் ஒன்று அசைந்தது. பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பியது. ஒரு வாரம் கழித்துக் கட்டிலில் உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தான். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பையன் என்னை உற்றுப் பார்த்துவிட்டு, “நீங்கதானே பாடினது?” என்று கேட்டான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “உனக்கு எப்படித் தெரியும்?” என்றேன். “எல்லாம் கேட்டுச்சு. கண்ணைத் திறக்கத்தான் முடியல. அன்னிக்கு ராத்திரி பாட்டு நின்னுச்சு. அப்புறம் மூச்சு வரல. செத்துப்போயிட்டேன்னு நெனச்சேன்” என்றான்.

டாக்டரிடம் கேட்டேன். ஆம், அப்படித்தான், அந்த விஷம் தசையைக் கட்டிப்போடும், அறிவைத் தொடாது என்றார். கட்டில் ஓரத்தில் நின்று “இது தேறாது” என்று உறவினர் பேசினதெல்லாம் அவன் காதில் விழுந்திருக்கிறது. அவனுடைய அம்மா ஒவ்வொரு மூச்சையும் விரல்விட்டு எண்ணினதும் விழுந்திருக்கிறது. போதகர் தூங்கினதும் விழுந்திருக்கிறது.

அந்தக் குடும்பம் ஞானஸ்நானம் பெற்றதா என்று சிலர் என்னிடம் கேட்பதுண்டு. இல்லை. அதற்குப் பிறகு பல வருஷங்கள் ஒவ்வொரு பொங்கலுக்கும் எங்கள் வீட்டு வாசலில் ஒரு கட்டுக் கரும்பு இருக்கும். அவ்வளவுதான். ஆனால் அந்தப் பிள்ளை சொன்ன வார்த்தையைக் கேட்டபிறகு கெத்செமனே பகுதியை நான் பழையபடி வாசித்ததில்லை.

பிரியமானவர்களே, மத்தேயு 26-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் மூன்று சீஷர்களைக் கூட்டிக்கொண்டுபோய், தம்மோடேகூட விழித்திருக்கும்படி கேட்கிறார். தோட்டத்தைக் காவல்காக்கச் சொல்லவில்லை, போர்ச்சேவகர் வருகிறார்களா என்று பார்க்கவும் சொல்லவில்லை. தம்மோடேகூட, என்றுதான் கேட்கிறார். விழிப்பு என்றவுடன் நமக்குச் சத்துரு ஞாபகத்துக்கு வருகிறான், சோதனை வருகிறது, கடைசி நாட்களின் அடையாளங்கள் வருகின்றன. அவையும் உண்டு. ஆனால் அந்த இரவில் விழிப்பு என்பது வேதனைப்படுகிற ஒருவரின் பக்கத்தில் கண்ணைத் திறந்து உட்கார்ந்திருப்பதாக இருந்தது. மூன்றுபேரும் அதற்கு உதவவில்லை. திரும்பி வந்த ஆண்டவர் பேதுருவை, தாம் கொடுத்த பேரால் அழைக்காமல், பழையபடி சீமோனே என்று அழைக்கிறதை மாற்கு மாத்திரம் குறித்துவைத்திருக்கிறார் (14:37). கன்மலை என்று பேர்பெற்றவன் அந்த இரவில் மறுபடியும் பழைய மீன்பிடிக்காரனாகிவிட்டான்.

லூக்கா இன்னொன்றைச் சொல்லுகிறார். கொலோசெயர் நிருபத்தில் பவுல் அவரை வைத்தியன் என்று குறிப்பிடுகிறாரல்லவா? சீஷர்கள் ஏன் தூங்கினார்கள் என்பதற்கு அந்த வைத்தியர்தான் காரணம் எழுதுகிறார்: துக்கத்தினாலே (22:45). இளவயதில் இதை வாசித்தபோது, சீஷர்களுக்குச் சாக்குச் சொல்லுகிறார் என்று எண்ணினேன். இப்போது அப்படி எண்ணவில்லை. ஆஸ்பத்திரியில் இதைத் தினமும் பார்க்கிறேன். ஐ.சி.யு. வாசலில் காத்திருக்கிற மகன் பெஞ்சில் சுருண்டு தூங்குவான். அன்பு இல்லாமலா? பாரம் தாங்கமாட்டாமல் மனம் கதவைச் சாத்திக்கொள்ளுகிறது. ஆவிக்குரிய தூக்கமும் எப்போதும் சோம்பேறித்தனத்தினால் வருவதல்ல. ஒரு மரணத்துக்குப் பிறகு, சபையிலே உண்டான ஒரு சண்டைக்குப் பிறகு, ஜெபித்தும் சுகமாகாத ஒரு வியாதிக்குப் பிறகு, ஜெபத்தை விட்டுவிட்ட எத்தனையோ நல்லவர்களை நான் அறிவேன். அப்படிப்பட்டவரிடம் போய், விழித்தெழு என்று சத்தம் போடுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. அந்த நர்ஸ் அம்மா என்னைத் திட்டியிருந்தால் நான் அடுத்த நாள் அந்த வார்டுக்கே போயிருக்கமாட்டேன். அவர் என் கையின்மேல் தம்முடைய கையை வைத்தார், டீ குடிக்கச் சொன்னார்.

அன்றிரவு தூங்கின அதே பேதுருதான், பல வருஷங்களுக்குப் பிறகு, சிதறிக்கிடந்த சபைகளுக்குத் தெளிந்த புத்தியும் விழிப்பும் வேண்டும் என்று எழுதுகிறார் (1 பேதுரு 5:8). அனுபவப்பட்டவனின் எழுத்து அது. அதற்கு முந்தின வசனத்தைப் பாருங்கள். கவலைகளையெல்லாம் தேவன்மேல் போட்டுவிடுங்கள் என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் விழிப்பைப் பற்றிச் சொல்லுகிறார். துக்கம் தூங்கவைக்கும் என்று தெரிந்தவர் அல்லவா? பாரத்தை இறக்கிவைக்காதவனால் கண்விழிக்க முடியாது.

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்தவேண்டும். நம்மில் சிலர் விழிப்பு என்றால் பயம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஒவ்வொரு இருமலுக்கும் பிசாசைக் கடிந்துகொண்டு, செய்தித்தாளில் வருகிற ஒவ்வொரு பூமியதிர்ச்சிக்கும் தேதி குறித்துக்கொண்டு, வீட்டிலுள்ளவர்களையும் தூங்கவிடாமல் இருப்பது விழிப்பல்ல. நம்முடைய ஆண்டவர் புயலில் படகின் பின்புறத்தில் தூங்கினார். சோர்ந்துபோய்ச் சாகவேண்டும் என்று கேட்ட எலியாவுக்குத் தேவன் முதலில் கொடுத்த மருந்து தூக்கமும் அடையும் தண்ணீரும்தான். 127-ஆம் சங்கீதம் தூக்கத்தை ஈவாகவே பேசுகிறது. பத்துக் கன்னிகைகளில் ஐந்துபேர் விழித்திருந்தார்கள் என்று பலர் பிரசங்கிக்கிறார்கள். வேதத்தைத் திறந்து பாருங்கள், பத்துப்பேரும் தூங்கிவிட்டார்கள் (மத்தேயு 25:5). வித்தியாசம் எண்ணெயில் இருந்தது. இராத்திரி டியூட்டி முடித்து வருகிற நர்ஸ் பகலில் தூங்கத்தான் வேண்டும். தூங்காத நர்ஸ் மறுநாள் தப்பான ஊசி போடுவார்.

புதிய ஏற்பாட்டில் விழித்திரு என்பதற்கு வருகிற கிரேக்கச் சொல், எழுப்பு என்கிற வினையிலிருந்து பிறந்தது. கிரகோரி என்று சிலர் பேர் வைக்கிறார்களே, அது இந்தச் சொல்தான். கிறிஸ்து மரித்தோரிலிருந்து எழுப்பப்பட்டார் என்று சொல்லவும் அதே எழுப்பு என்கிற வினையைத்தான் அப்போஸ்தலர்கள் எடுத்தாளுகிறார்கள். நானே பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணைத் திறந்து வைத்திருப்பதல்ல விழிப்பு, எழுப்பப்பட்டவனாக இருப்பது. செமினரியில் இதைப் பரீட்சைக்காகப் படித்தேன். அர்த்தம் பிறகுதான் தெரிந்தது.

இனி என்னுடைய இரண்டாவது தவறைச் சொல்லவேண்டும். இதை இதுவரை ஒரு பிரசங்கத்திலும் சொன்னதில்லை. முதலாவது இளவயதில் நடந்தது, அசதியினால் வந்தது, அதை நானே மன்னித்துவிட்டேன். இது அப்படியல்ல.

ஊழியத்தில் இருபது வருஷங்களுக்குமேல் ஆகியிருந்தது. டிசம்பர் மாதம். நாள் முழுவதும் கூட்டங்கள். சாயங்காலம் இந்தப் பத்திரிகையின் கிறிஸ்துமஸ் இதழுக்காக எழுத உட்கார்ந்தேன். ஆஸ்பத்திரியின் ஆத்தும ஊழியத்தைப் பற்றி ஒரு பக்கம். எழுதி முடிக்கும்போது ஒன்பதரை மணி. அப்போது வார்டு பையன் வந்து, ஆண்கள் வார்டில் இருக்கிற வாத்தியார் ஐயா உங்களைக் கொஞ்சம் வரச் சொல்லுகிறார் என்றான். ரிட்டயர்டு பள்ளிக்கூட ஆசிரியர், இருதய வியாதிக்காரர். காலையில்தான் பார்த்து ஜெபித்திருந்தேன். நன்றாகத்தான் இருந்தார். “காலையிலே முதல் வேலையா வர்றேன்னு சொல்லு” என்று அனுப்பிவிட்டேன். விளக்கை அணைத்துப் படுத்தேன். நன்றாகத் தூங்கினேன்.

விடியற்காலம் ஐந்து மணிக்கு அவர் போய்விட்டார்.

அவருடைய மனைவி என்னைக் குறைசொல்லவில்லை. “நீங்க களைச்சுப்போயிருப்பீங்க, காலையில பேசிக்கலாம்னு அவரே சொன்னாங்க ஐயா” என்றார். பிறகு தலையணைக்குக் கீழே இருந்து ஒரு இன்லண்டு லெட்டரை எடுத்துக் காட்டினார். மேல்விலாசம் எழுதியிருந்தது. தம்பியின் பேர். சொத்துத் தகராறில் இருவரும் பல வருஷங்களாகப் பேச்சு இல்லை. உள்ளே, அன்புள்ள தம்பிக்கு, என்று எழுதி நிறுத்தியிருந்தார். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்.

அறைக்குத் திரும்பி வந்தேன். முந்தின இரவு எழுதின தாள் மேஜைமேல் கிடந்தது. அதில், நமது போதகர் ஊழியம் நோயாளிகளுக்கு இரவும் பகலும் கிடைக்கிறது, என்று என் கையெழுத்தில் இருந்தது. அதைக் கிழித்துப்போட்டேன் என்று சொன்னால் உங்களுக்குத் திருப்தியாக இருக்கும். உண்மை என்னவென்றால், இதழ் அச்சுக்குப் போகவேண்டிய அவசரம், அந்த வாக்கியத்தோடேயே போய்விட்டது. நீங்கள் அதை வாசித்துக் காணிக்கை அனுப்பினீர்கள். பல வருஷங்கள் கழித்து இன்றைக்கு உங்கள் முன்பாக இதை அறிக்கையிடுகிறேன்.

தம்பி அடக்கத்துக்கு வந்திருந்தார். அந்தக் கடிதத்தை அந்த அம்மா அவர் கையில் கொடுத்ததைப் பார்த்தேன். அவர் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் கல்லறை ஓரத்தில் நின்றார். அதற்குமேல் எனக்குத் தெரியாது.

எங்கே தவறினேன் என்று வெகுநாள் யோசித்தேன். களைப்பு ஒரு காரணம்தான், ஆனால் அது முழுக்காரணமல்ல. நான் முன்பு பணிசெய்த ஓர் இடத்தில் நர்சிங் ஆசிரியை ஒருவர் டி.பி.ஆர். சார்ட்டுகளைச் சோதிக்கும்போது ஒரு வரிசை முழுவதும் எல்லா நோயாளிக்கும் சுவாசம் நிமிஷத்துக்கு 20 என்று எழுதியிருப்பதைக் கண்டுபிடித்தார். ஆஸ்துமாக்காரருக்கும் 20, ஆபரேஷன் முடிந்தவருக்கும் 20. நெஞ்சு எழும்பித் தாழுவதை ஒரு நிமிஷம் நின்று எண்ணவேண்டும், அதற்குப் பொறுமையில்லாமல் மேல்வரியைப் பார்த்துக் கீழ்வரியை எழுதியிருக்கிறார்கள். சார்ட் ஒரு கட்டம்கூடக் காலியில்லாமல் நிரம்பியிருந்தது. வார்டு முழுவதும் விழித்திருக்கிறதுபோல் தோற்றம். அந்தக் கதையைச் சிரித்துக்கொண்டே பலரிடம் சொல்லியிருக்கிறேன். என்னுடைய சார்ட்டும் அப்படித்தான் இருந்தது. காலையில் பார்த்து ஜெபித்தாயிற்று, நன்றாக இருக்கிறார். 20.

சர்தை சபைக்கு ஆண்டவர் சொன்னதும் இதுதான். உயிரோடிருக்கிறதாகப் பேர் இருக்கிறது, உள்ளே உயிர் இல்லை என்கிறார், விழித்துக்கொள்ளச் சொல்லுகிறார் (வெளிப்படுத்தல் 3). அந்த ஊர்க்காரர்களுக்கு அந்த எச்சரிப்பு எப்படி உறுத்தியிருக்கும் என்பதை அவர்களுடைய சரித்திரம் தெரிந்தால்தான் உணரமுடியும். சர்தை இன்றைய துருக்கி தேசத்தில் இருக்கிறது. பழைய லீதியா ராஜ்யத்தின் தலைநகரம். அதன் கோட்டை செங்குத்தான மலைமேல் இருந்தது. ஏறக்குறைய கி.மு. 546-இல், வேதத்தில் நாம் கோரேசு என்று வாசிக்கிற பாரசீக ராஜா அதை முற்றுகையிட்டான். கோட்டைமேல் நின்ற ஒரு வீரனுடைய தலைச்சீரா கீழே விழுந்ததாம், அவன் பாறைவழியாக இறங்கி எடுத்துக்கொண்டு ஏறிப்போனதைக் கோரேசின் சேவகன் ஒருவன் கவனித்துவிட்டான் என்று ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கிறார். அந்தப் பக்கம் யாரும் ஏறமாட்டார்கள் என்று நம்பிக் காவல் போடவில்லை. அந்த வழியாகவே ஏறினார்கள், பதினான்கு நாளில் பட்டணம் விழுந்தது. சரி, ஒருமுறை ஏமாந்தார்கள். முந்நூறு வருஷங்களுக்குமேல் கழித்து, சிரியாவின் மூன்றாம் அந்தியோகு ராஜாவின் காலத்தில் மறுபடியும் அப்படியே நடந்தது. செத்த மிருகங்களைச் செங்குத்தான பக்கத்தில் எறிவார்களாம், பறவைகள் தின்றுவிட்டு மதில்மேல் வந்து நிம்மதியாக உட்காருவதை ஒரு சேவகன் பார்த்து, இங்கே மனுஷர் நடமாட்டமே இல்லை என்று கண்டுகொண்டான் என்கிறார் பொலிபியஸ். இரண்டுதரமும் பலவீனமான வாசல் வழியாக அந்த ஊர் விழவில்லை. இங்கே பயமில்லை என்று விட்டுவைத்த பக்கமாகவே விழுந்தது.

என்னுடைய பயமில்லாத பக்கம் ஊழியம்தான். கோபத்தைக் குறித்தும் பணத்தைக் குறித்தும் நான் ஜாக்கிரதையாக இருந்தேன். நோயாளிகளிடத்தில் அன்பு குறையும் என்று ஒருநாளும் சந்தேகப்படவில்லை. உங்களுக்கு எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியாது. சபைக்கு ஒழுங்காகப் போகிறவர்களுக்கு அது வீட்டுக்குள் இருக்கலாம். தாராளமாகக் கொடுக்கிறவர்களுக்குக் கொடுப்பதிலேயே இருக்கலாம். காசோலை அனுப்பியாயிற்று என்கிற திருப்தியில் கட்டிலில் படுத்திருக்கிறவன் மறந்துபோகலாம். நன்கொடையாளர் கூட்டத்தில் இதைச் சொல்லக்கூடாது என்று அலுவலகத்தில் நினைப்பார்கள், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

சொல்லுகிற உரிமையை உங்களில் ஒருவரே எனக்குக் கொடுத்தார். மணியார்டர் நடைமுறையில் இருந்த காலத்தில் ஒரு விதவைத் தாயார் மாதந்தோறும் 25 ரூபாய் அனுப்புவார். கூப்பனில் இரண்டுவரி எழுத இடம் இருக்குமே, அதில் எப்போதும் ஒரு கேள்வி இருக்கும். போன இதழில் தீப்பட்ட பெண்ணைப் பற்றிப் போட்டிருந்தீர்களே, கை மடக்க வருகிறதா? அந்தக் குறைமாதக் குழந்தை எத்தனை கிலோ இப்போது? எங்கள் அலுவலகத்தில் அதற்குப் பதில் தெரியாது. பத்திரிகையில் போட்டு, ஜெபிக்கச் சொல்லி, நாங்கள் மறந்துவிட்டிருப்போம். அந்த அம்மாவுக்குப் பதில் எழுதுவதற்காகவே ஃபைலைத் தேடி, கிராம நர்ஸை வீட்டுக்கு அனுப்பிப் பார்க்கவேண்டியதாயிற்று. அப்படிப் போனதில் ஒருமுறை, மறுபரிசோதனைக்கு வராமல் நின்றுவிட்ட ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இருநூறு மைலுக்கு அப்பால் இருந்த அந்த அம்மாவினால் எங்களுக்கு விழிப்பு உண்டாயிற்று. அந்தத் தாயார் இப்போது கர்த்தரிடத்தில் இருக்கிறார்.

நெகேமியாவைப்போல் ஜெபமும் பண்ணி ஜாமக்காரரையும் வைக்கவேண்டும் (4:9). ஒன்று இருந்தால் மற்றது வேண்டாம் என்று நினைக்கிறவர்கள் இரண்டு பக்கத்திலும் உண்டு. எருசலேமின் மதில் கட்டி முடிந்தபிறகும் அவர் காவலை எடுத்துவிடவில்லை, ஒவ்வொருவனையும் தன் தன் வீட்டுக்கு எதிராக நிற்கவைத்தார் (7:3). அவரவர் வீட்டுக்கு எதிராக. ஊர் மதிலைக் காக்கப் போகிற வைராக்கியத்தில் சொந்த வாசலை விட்டுவிடுகிற என்னைப் போன்ற ஊழியக்காரர் அந்த வசனத்தை அடிக்கடி வாசிக்கவேண்டும்.

வாத்தியார் ஐயாவின் மரணத்துக்குப் பிறகு ஒரு சிறிய பழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டேன். பெரிய தீர்மானம் ஒன்றும் அல்ல. இரவு ஒன்பது மணிக்கு ஒவ்வொரு வார்டிலும் டியூட்டி சிஸ்டரிடம் ஒரே கேள்வி கேட்பேன்: “இன்னிக்கு யாரும்மா தூங்கல?” யாருக்கு வியாதி அதிகம் என்று கேட்பதில்லை, அது டாக்டருக்குத் தெரியும். தூங்காதவர் யார் என்று நர்ஸுக்குத்தான் தெரியும். அவர் காட்டுகிற கட்டிலுக்குப் போய் உட்காருவேன். சில நாட்களில் ஜெபிப்பேன். அநேக நாட்களில் அவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். கடிதம் எழுதவேண்டுமென்றால் எழுதிக்கொடுப்பேன், பையில் தாளும் பேனாவும் எப்போதும் இருக்கும். சில இரவுகளில் எனக்கே இமை தாழுகிறது. அப்போது எழுந்து போய்விடுகிறேன், வேறொருவரை அனுப்பச் சொல்லுகிறேன். அறுபது தாண்டிவிட்டது, கட்டில் ஓரத்தில் தூங்குவதைவிட அது நல்லது.

மாற்கு 13-இன் முடிவில், வீட்டெஜமான் எப்போது வருவான் என்று தெரியாது என்று சொல்லி, ஆண்டவர் இரவின் நாலு வேளைகளைக் குறிப்பிடுகிறார்: சாயங்காலம், நடுராத்திரி, சேவல் கூவும் நேரம், காலை. ரோமர் இரவை அப்படி நாலு ஜாமமாகப் பிரித்தார்கள். அடுத்த இரண்டு அதிகாரங்களை அந்தக் கணக்கோடு வாசித்துப் பாருங்கள். சாயங்காலத்தில் பந்தி. இரவின் நடுப்பகுதியில் தோட்டமும் தூக்கமும். சேவல் கூவும்போது பேதுருவின் மறுதலிப்பு. காலையில் பிலாத்துவிடம் ஒப்புக்கொடுத்தல். அவர் சொன்ன இரவு நாலு நாளைக்குள் வந்துவிட்டது, அவர்கள் எதிர்பார்த்த மகிமையில் அல்ல, வேதனைப்படுகிற மனுஷனாக அவர்கள் பக்கத்திலேயே முழங்காற்படியிட்டிருந்தார். அவர் அப்படித்தான் இன்னும் வருகிறார் என்று நான் நம்புகிறேன். பெரும்பாலும் இரவு மூன்று மணிக்கு வருகிறார்.

உங்களில் சிலர் இன்றிரவு கெஸ்ட் ஹவுஸில் தங்குகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். ஒன்பது மணிக்கு நான் பெண்கள் வார்டிலிருந்து ஆரம்பிப்பேன். என்னோடு இரண்டு பேர் வரலாம், அதற்குமேல் வேண்டாம், கூட்டமாகப் போனால் நோயாளிகள் பயப்படுவார்கள். செருப்பை வெளியே விட்டுவிடுங்கள். கேள்வியைச் சிஸ்டரிடம் நான் கேட்கிறேன். கட்டில் பக்கத்தில் ஸ்டூல் ஒன்றுதான் இருக்கும், அதில் நீங்கள் உட்காருங்கள்.